உறை

ரீகாவில் பிப்ரவரி.
டௌகவா ஆறு உறைந்துவிட்டது.
பனியில் துளையிட்டு, முக்காலி போட்டு,
மீனுக்காக உட்கார்ந்திருக்கிறார்கள்
உட்கார முடிந்தவர்கள்.

விஸ்மா லாப்சின்யா, ஐம்பத்திரண்டு, டிராம் ஓட்டுநர்.
நான்கு வருடமாக இடது பிட்டத்தைத் தரையிறக்காதவர்.
வலப்பக்கம் சாய்ந்தபடியே
நகரத்தைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டியவர்.

கோப்பு தடிமனானது.
முதலில் வட்டு நழுவல் என்றார்கள்.
முதுகைப் படம் எடுத்தார்கள்;
படம் திருவெலும்பின் வாசலோடு நின்றுவிட்டது,
இறங்கவேண்டிய இடத்துக்கு
ஒரு நிறுத்தம் முன்பே இறக்கிவிட்ட மாதிரி.
பிறகு மாதவிடாய் நிற்கும் வயது என்றார்கள்.
பிறகு சினைப்பையில் ஏதோ நீர்க்கட்டி.
பிறகு, மனது.
மாத்திரைப் பெயர்கள் நீண்டுகொண்டே போக
குறிப்புகள் குறுகின: வலி தொடர்கிறது.

அக்டோபரில் ரைவிஸ் என்றொரு பயிற்சி மருத்துவன்
கையுறை மாட்டி, மன்னிப்புக் கேட்டு,
ஆசனவாய் வழியே விரல் நுழைத்து
திருவெலும்பின் முன்னால் எதையோ அழுத்தினான்.
மின்சாரம் குதிகால்வரை ஓடியது. கத்தினார்.
அடுத்தது கோப்பில் இல்லை, அவரே சொன்னது:
"கத்தி முடித்ததும் சிரித்துவிட்டேன்.
அது இருக்கும் இடத்தை ஒருவர் தொட்டது
அன்றைக்குத்தான்."

இடுப்புக்கென்று எடுத்த புது எம்.ஆர்.ஐ.யில்
ஆறு சென்டிமீட்டர், வாத்து முட்டை போல.
ஊசியில் வந்த திசு: ஷ்வானோமா. புற்று அல்ல.
நரம்புக்கு உறை நெய்யும் செல்கள்
போதும் என்று சொல்ல ஆளில்லாமல்
நெய்துகொண்டே போயிருக்கின்றன.
உறைக்குள் உறைகிறது.
சொல்லிப் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.
உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

என் வேலை கேட்பது.
கத்தி என் கையில் இல்லை.
கெண்டைக்காலில், பாதத்தில், குதத்தின் சுருக்குத் தசையில்
ஊசி மின்முனைகள்; திரையில் எட்டுக் கோடுகள்;
காதருகே ஓர் ஒலிபெருக்கி.
டாக்டர் ஸ்குயா கட்டியின் தோலில் மின்குச்சியை வைக்கிறார்.
"இங்கே?"
கெண்டைக்கால். தகரக் கூரையில் ஆலங்கட்டி.
"இங்கே?"
சுண்டுவிரல்.
"இங்கே?"
ஒன்றுமில்லை.
"இங்கே?"
ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லையில்தான் கத்தி இறங்கும்.

மௌனத்தை இவ்வளவு சந்தேகிக்கிற வேலை
வேறெங்கும் உண்டா தெரியவில்லை.
மின்முனை கழன்றிருந்தாலும் இதே மௌனம்தான்.
கம்பிகளை மறுபடி சோதித்தேன்.
ஸ்குயா காத்திருந்தார். காத்திருப்பது அவருக்குப் பிடிக்காது.
"வெட்டலாம்."

உறையைக் கீறி, உள்ளிருந்ததை மட்டும்
மஞ்சளும் வழுவழுப்புமாக உருட்டி எடுத்தார்.
ஓர் இழை கட்டிக்குள் போய் வெளியே வந்தது.
தொட்டோம். பேசவில்லை. அறுத்தார்.
கீழ் ஓரத்தில் இன்னொன்று.
தொட்டதும் சுருக்குத் தசை பதறியது.
ஸ்குயா கையை எடுத்துக்கொண்டார்:
"அது அங்கேயே இருக்கட்டும்."
நகத்தளவு உறை. கோப்பில் எழுதினோம்: மீதம் உண்டு,
வருடம் ஒருமுறை படம்.

மூன்றாம் நாள் காலை சிறுநீர்க் குழாயை எடுத்தார்கள்.
அந்த வார்டின் கழிப்பறைக் கதவு சரியாகச் சாத்தாது.
பக்கத்துப் படுக்கைக்காரி
குறுக்கெழுத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.
நான் கம்பிப் பெட்டியோடு நடையில் நின்றேன்,
எனக்கு அங்கே வேலையே இல்லை.
ஐந்து நிமிடம்.
பதினொன்று.
யாரோ குழாயடியில் தண்ணீரைத் திறக்கப் போனார்கள், உதவியாக;
வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.
பிறகு ஒலி.
முதலில் சொட்டு, தயக்கம், மறுபடி சொட்டு,
அப்புறம் ஒரே இழையாக.

யாரும் கைதட்டவில்லை.
குறுக்கெழுத்துக்காரி ஒரு கட்டத்தை நிரப்பினாள்.

இடது சுண்டுவிரலில் உணர்வு இல்லையாம்.
டிராமில் மணியடிக்கும் மிதி
எந்தக் காலுக்கு என்று கேட்டேன்.
"இடது," என்றார். "ஆனால் சுண்டுவிரலால்
யார் மணியடிக்கிறார்கள்?"

பீட்ரூட் சூப் வந்தது.
கட்டில் விளிம்பில் முதலில் வலப்பக்கம் சாய்ந்து,
பழக்கம்தான்,
பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கத்தையும் இறக்கி,
இன்னொருவர் வீட்டு நாற்காலியில் அமர்வதுபோல,
கரண்டியை எடுக்காமல்
சற்று நேரம் உட்கார்ந்திருந்தார்.